சைட்டில் இருக்கிறார்

அப்பா போன மறுநாள், செய்தித்தாளுக்குக் கொடுக்க நான்கு வரி எழுத வேண்டியிருந்தது. பெயர், வயது 93, ஓய்வுபெற்ற பொறியாளர். அதற்கு மேல் ஒரு வரிக்கு இடம் இருந்தது. 'குடும்பமே உலகமென வாழ்ந்தவர்' என்று எழுதினேன். யோசித்தெல்லாம் எழுதவில்லை. அந்த இடத்தில் எல்லோரும் போடுகிற வரி, கை தானாக எழுதிவிட்டது. தங்கை தாளை வாங்கிப் படித்தாள். பேனாவைக் கேட்டாள். அந்த வரியை மட்டும் ஒரே கோடாக அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இன்ஜினியர்னு போட்டிருக்கே இல்ல, அது உண்மை. அது போதும்ணா."

சண்டை போடுகிற நாளா அது? அவள் சொன்னபடியே அச்சானது. ஆனால் அடுத்த சில நாட்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், பேசி வைத்துக்கொண்டது போல, அடித்த வரியையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். "இப்படி ஒரு குடும்பஸ்தரை நான் பார்த்ததில்லை." "அம்மாவை அவர் பார்த்துக்கிட்ட மாதிரி யார் பார்த்துக்குவா?" ஒவ்வொரு முறையும் தங்கை என்னைப் பார்ப்பாள், நான் ஜன்னலைப் பார்ப்பேன். வந்தவர்கள் தெரிந்து வைத்திருந்தது அப்பாவின் கடைசி 15 வருடங்களை. தங்கை மனதில் இருப்பது எங்களுடைய முதல் 25 வருடங்கள். இரண்டு தரப்புமே பொய் சொல்லவில்லை. அதனால்தான் அந்த அடித்த வரி இன்னும் எனக்குள் அடங்காமல் கிடக்கிறது.

கடிதத்தில் நடந்த வீடு

1953-ல் படிப்பை முடித்தார், 1989-ல் ஓய்வு பெற்றார். நடுவில் இருந்த 36 வருடங்களில் பெரும்பகுதி அணை, பாலம், சுரங்கக் கால்வாய் என்று தகரக் கொட்டகைகளில் கழிந்தது. நாங்கள் பள்ளிக்கூடம் இருக்கிற இடத்தில் அம்மாவோடு. மாதத்துக்கு ஒருமுறை வருவார், சில சமயம் இரண்டு மாதமாகும். "அப்பா எங்கே?" என்று யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான்: சைட்டில் இருக்கிறார். சைட் என்பது ஒரு ஊர்ப் பெயர் என்றே தங்கை ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீடு கடிதத்தில் நடந்தது. ஒரு கடிதம் எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது. துணி காயப்போடும் கொடியின் கொக்கி இரண்டாவது முறையாகச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டது என்று அம்மா எழுதியிருந்தார். பதில் இரண்டு பக்கத்துக்கு வந்தது, படத்தோடு. 4 மீட்டர் கயிறு, நடுவில் 2 கிலோ ஈரத்துணி. கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டி, தொய்வு 5 சென்டிமீட்டர்தான் என்றால் கொக்கியை 40 கிலோ இழுக்கும். அதே கயிறு 20 சென்டிமீட்டர் தொய்ந்தால் இழுப்பு 10 கிலோவாக இறங்கிவிடும். "ஆகவே கொடியைத் தொய்வாகக் கட்டவும். அசிங்கமாகத் தெரிந்தால் பரவாயில்லை." அம்மா படித்துவிட்டு, "ரெண்டு பக்கம் எழுதியிருக்காரு. உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு வரி இல்ல," என்றார். கொடியை மட்டும் தொய்வாகக் கட்டினார். கொக்கி அதற்கப்புறம் வரவே இல்லை.

வீட்டுக்கு வருகிற இரண்டு மூன்று நாளில் எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். விடை போடுவதற்கு முன்னால் "சுமாரா எவ்வளவு வரும்?" என்று கேட்பார். அதைச் சொல்லாமல் பென்சிலைத் தொடக்கூடாது. எரிச்சலாக இருக்கும். அது ஸ்லைட் ரூல் பழக்கம் என்று பின்னால்தான் புரிந்தது. கால்குலேட்டருக்கு முன்னால் பொறியாளர்கள் பெருக்க, வகுக்க வைத்திருந்த நகரும் அளவுகோல் அது. ஸ்லைட் ரூல் 236 என்று காட்டும், அவ்வளவுதான். அது 2.36-ஆ, 23.6-ஆ, 2,360-ஆ என்பது அதற்குத் தெரியாது. புள்ளியை மனிதன்தான் தலையில் சுமக்க வேண்டும். 1972-ல் ஹெச்பி-35 என்ற கையடக்கக் கால்குலேட்டர் வந்து சில வருடங்களிலேயே ஸ்லைட் ரூல்கள் மேஜை டிராயருக்குள் போய்விட்டன. அப்பாவும் ஒரு கால்குலேட்டர் வாங்கினார். ஆனாலும் அதைத் தட்டுவதற்கு முன் ஒரு நொடி கூரையைப் பார்ப்பார். அந்த நொடியில் விடையைச் சுமாராகப் போட்டுவிடுவார். இயந்திரம் சொல்வது சரியா என்று அவர்தான் அதைச் சோதிப்பார்.

இன்னொன்று, தூங்கப் போகும்போது கதை. ராஜா ராணி கதையெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் விழுந்த பாலங்கள். அதிலும் கனடாவின் கியூபெக் பாலத்தை நாங்கள் எத்தனை முறை கேட்டிருப்போம் என்று கணக்கில்லை. நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டினார்கள், ஆனால் பாலத்தின் சொந்த எடையைப் புதிதாகச் சரியாகக் கணக்குப் போடவில்லை. 1907 ஆகஸ்டில் பாலத்தின் அடிப்பக்க எஃகு உறுப்புகளில் ஒன்று வளைய ஆரம்பித்தது. அங்கே இருந்த இளம் பொறியாளர் மெக்லூர் அளந்து பார்த்தார், வளைவு 2 அங்குலத்தைத் தாண்டியிருந்தது. ஆலோசகர் தியடோர் கூப்பர் இருந்ததோ நியூயார்க்கில். உடம்பு சரியில்லாததால் அவர் சைட்டுக்கே போவதில்லை. மெக்லூர் ரயிலேறிப் போய் நேரில் சொன்னார். இனி சுமை ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தி கொடுத்தார். ஆனால் அதைப் பாலம் இருந்த இடத்துக்குக் கொடுக்கவில்லை, பென்சில்வேனியாவில் இருந்த எஃகுக் கம்பெனிக்குக் கொடுத்தார். அன்று சாயங்காலமே, ஆகஸ்ட் 29, பாலம் ஆற்றில் விழுந்தது. மேலே இருந்த 86 பேரில் 75 பேர் போய்விட்டார்கள்.

இந்த இடத்தில் தங்கை எப்போதும் கேட்பாள்: "அவர் ஏன்பா நேர்ல போகல?" அப்பா விளக்கை அணைத்துவிடுவார்.

கோல்டு ஜாயிண்ட்

தங்கை பிறந்தது 1965-ல். அப்பா மூன்றாவது நாள்தான் வந்தார். ஒரு பாலத்தின் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட ஆரம்பித்திருந்தார்கள். ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. முதலில் போட்டது இறுகிய பிறகு அதன் மேல் அடுத்ததைப் போட்டால் இரண்டும் ஒட்டாது. பார்க்க ஒரே கட்டியாகத்தான் தெரியும். உள்ளே ஒரு கோடு இருக்கும், தண்ணீர் முதலில் அந்தக் கோட்டைத்தான் கண்டுபிடிக்கும். அதற்குப் பெயர் கோல்டு ஜாயிண்ட். இதை அப்பா ஒரு நியாயமாகத்தான் அவளிடம் சொன்னார், அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்போது. அவள் அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டாள். கல்லூரி முடித்த பிறகு ஒரு சண்டையில், "எனக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கறதும் அதுதான்பா. கோல்டு ஜாயிண்ட். மூணு நாள் லேட்," என்று சொன்னாள். அப்பா வாயே திறக்கவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தையை இவ்வளவு சரியாக வேறு யாரும் அவரிடம் திருப்பிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஓய்வு பெற்று வீட்டுக்கே வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். இல்லை. அம்மாவுக்கும் எங்களுக்கும் அவர் இல்லாத வீடு பழகியிருந்தது. சுவிட்சுகளுக்கெல்லாம் எண் எழுதி ஒட்டினார். தண்ணீர்த் தொட்டி எத்தனை மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று நோட்டில் குறித்தார். அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல், "இது சைட் இல்லீங்க, வீடு," என்றார். அப்பா அன்று சாயங்காலம் வரைக்கும் எதையும் அளக்கவில்லை. அப்படியே ஒரு 20 வருடம் ஓடியது. பெரிய வருத்தமும் இல்லை, பெரிய நெருக்கமும் இல்லை.

இரண்டு சென்டிமீட்டர்

2009 வாக்கில் அம்மா மறக்க ஆரம்பித்தார். முதலில் சாவி, அப்புறம் கிழமை, அப்புறம் பெயர்கள். அதை விவரமாக எழுதப் போவதில்லை. வீட்டில் யாருக்காவது வந்திருந்தால் உங்களுக்கே தெரியும்.

மறுவருடம் அம்மா பின்பக்கப் படியில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஒரு மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் விழுந்தார். ஐந்து படிதான். 40 வருடமாக ஏறி இறங்கிய படி. "வயசாச்சு, மறதி வேற. இனிமே அந்தப் பக்கம் விடவேண்டாம்," என்றேன் நான். கதவைப் பூட்டிவிடலாம் என்றாள் தங்கை. அப்பாவுக்கு அப்போது 79. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் டேப்பையும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்துவிட்டார்.

நான்கு படிகள் 18 சென்டிமீட்டர் உயரம். கடைசிப் படி 20. வீடு கட்டின மேஸ்திரி தரைக்கு ஏற்றபடி கடைசியில் சமாளித்திருக்கிறார். முதல் இரண்டு மூன்று படிகளிலேயே கால் உயரத்தைப் பழகிக்கொள்ளும், அதற்கப்புறம் கண் பார்க்காது. நடுவில் ஒரு படி கொஞ்சம் மாறினாலும் தடுக்கும். ஆனால் சொந்த வீட்டில் யாரும் தடுக்கி விழுவதில்லை, அந்தக் கோணலையும் சேர்த்துக் கால் மனப்பாடம் செய்துவிடுகிறது. எங்கள் எல்லோருடைய கால்களும் அந்த 2 சென்டிமீட்டரைச் சத்தமில்லாமல் 40 வருடம் திருத்திக்கொண்டிருந்தன. அம்மாவின் கால் அதையும் மறந்துவிட்டது. "அவ தப்பு இல்ல. படி தப்பு," என்றார் அப்பா. அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த நிம்மதி எனக்கு அன்று விளங்கவில்லை. அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

படியை மொத்தமாக உடைத்துப் புதிதாகப் போடுவது என்று முடிவானது. 17-ஆம் நூற்றாண்டில் பிளோந்தெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. இரண்டு படி உயரத்தையும் ஒரு படி அகலத்தையும் கூட்டினால் மனிதனின் ஒரு எட்டு, அதாவது ஒரு காலடித் தூரம், வரவேண்டும். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 63 சென்டிமீட்டர். அப்பா அதை எங்களிடம் சொல்லிவிட்டு, "இது நல்லா நடக்கிறவங்களுக்கு," என்றார். அப்புறம் அம்மாவை வராந்தாவில் நடக்கச் சொல்லி, பின்னாலேயே சுண்ணக்கட்டியோடு குனிந்துகொண்டு போய், ஒவ்வொரு பாதம் பதிந்த இடத்திலும் கோடு போட்டார். அம்மாவின் எட்டு 38 சென்டிமீட்டராகச் சுருங்கியிருந்தது. படியில் ஒரு காலை வைத்து, இன்னொரு காலையும் அதே படியில் வைத்து நின்ற பிறகுதான் அடுத்ததற்குப் போனார். ஆகவே உயரம் 9 சென்டிமீட்டர், இரண்டு பாதமும் நின்று மூச்சு வாங்கும் அளவுக்கு அகலம். பிளோந்தெலை ஓரமாக வைத்துவிட்டார்.

நான் சொல்ல வந்தது அன்றைய ஒரு பத்து நிமிடத்தைப் பற்றித்தான். கைப்பிடிக்கு எந்தக் குழாய் என்று பார்க்க, நாலைந்து தடிமனில் துண்டுகள் வாங்கி வந்திருந்தார். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, "இறுக்கிப் பிடிங்க பார்ப்போம்," என்றார். விரல் நுனி கட்டை விரலை எங்கே தொடுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவை அவர் 'ங்க' போட்டு அழைத்து நாங்கள் கேட்டதே இல்லை. ஆனால் சில வாரங்களாகவே அம்மா அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், அதனால் அவரும் மாறிவிட்டார். 38 மில்லிமீட்டர் குழாய் கைக்குச் சரியாக அடங்கியது. அம்மா அதை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எங்க வீட்டுக்காரரும் இன்ஜினியர்தான் சார். சைட்ல இருக்காரு. அடுத்த வாரம் வந்துடுவாரு."

தங்கை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா நிமிரவே இல்லை. அம்மாவின் கையிலிருந்த குழாயில், சுண்டு விரல் முடியும் இடத்தில், பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"வரட்டும்மா. அதுக்குள்ள நான் முடிச்சு வைக்கிறேன்," என்றார்.

தங்கை உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவரிடம் வந்து, "நான் என்ன பிடிக்கணும்பா?" என்று கேட்டாள். அவர் டேப்பின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. சினிமாவாக இருந்தால் இருவரும் அழுதிருப்பார்கள். இவர்கள் இருவரும் இரண்டு தூண்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள்.

கைப்பிடி பொருத்தியாயிற்று. எனக்கு வேலை முடிந்தது. அவருக்கு முடியவில்லை, லோடு டெஸ்ட் என்றார். வீட்டுக் கைப்பிடிக்கா என்று நான் சிரித்தேன். அமெரிக்கக் கட்டட விதிகள்கூடக் கைப்பிடி 200 பவுண்டு, அதாவது 90 கிலோ சொச்சம் தாங்கினால் போதும் என்கின்றன. அவர் 220 கிலோவுக்கு மணல் மூட்டை கட்டித் தொங்கவிடச் சொன்னார். "அம்மா 46 கிலோதான்பா," என்றாள் தங்கை. "விழும்போது யாரும் 46 கிலோ இல்லம்மா," என்றார். மெதுவாக வைக்கிற சுமையும் திடீரென்று விழுகிற சுமையும் ஒன்றில்லை. அதே எடைதான் என்றாலும் இரண்டு மடங்காவது வேலை காட்டும். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "பிடிக்கறதுக்கு நானும் பாய்வேன். என் 62-ஐயும் சேர்த்துக்க," என்றார்.

மூட்டைகள் ஒருநாள் முழுக்கத் தொங்கின. பாலத்துக்கும் கட்டடத்துக்கும் செய்கிற அதே முறை. 24 மணி நேரம் சுமை, எவ்வளவு வளைகிறது என்று அளப்பது, சுமையை இறக்கி இன்னொரு 24 மணி நேரம் விட்டு, எவ்வளவு திரும்பி வந்திருக்கிறது என்று மறுபடி அளப்பது. வளைவை முள்ளால் காட்டும் கருவியான டயல் கேஜை வாசித்தது தங்கை. சுமையில் 4 மில்லிமீட்டர் வளைந்தது, இறக்கிய மறுநாள் 1 மில்லிமீட்டர் பாக்கி இருந்தது. முழுசா வரலையே என்று அவள் கவலைப்பட்டாள். "முக்கால் பங்கு திரும்பினா போதும். அதுதான் விதி," என்றார் அப்பா. "முதல் தடவை தூக்கும்போது எல்லாம் ஒருவாட்டி உள்ளே உட்காரும். அது திரும்பாது. திரும்பவும் வேண்டாம்."

அம்மா அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். கடைசி ஒன்றரை வருடம் படுக்கைதான். அதற்கு முன்னால் அந்தப் படியில் ஒரு முறைகூட விழவில்லை. அம்மாவின் 'வீட்டுக்காரர்' மட்டும் சைட்டிலிருந்து வரவே இல்லை. "இன்னும் வரலையா?" என்று கேட்பார். "கான்கிரீட் போட்டுக்கிட்டு இருக்காங்களாம், முடிஞ்சதும் வர்றாராம்," என்று அப்பா பதில் சொல்வார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டாலும் பத்துத் தடவையும் புதிதாகச் சொல்வார். அதில் ஒரு தண்டனை இருந்தது என்று எனக்குத் தோன்றும். தங்கை அப்படி நினைக்கவில்லை. அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது, சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்கிறாள். தெரியவில்லை. நான் ஜன்னலைப் பார்க்கிற ஆள்.

2016-ல் அம்மா போன பிறகு அப்பா பல மாதம் டேப்பைத் தொடவில்லை. சாயங்காலத்தில் பின்பக்கப் படியில் உட்கார்ந்திருப்பார். ஒரு வருடம் கழிந்திருக்கும். தங்கை போனில், "எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறாள். எப்போதும் கேட்கிற கேள்விதான். எப்போதும் வருகிற "இருக்கேம்மா" வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "முக்கால் திரும்பிடுச்சும்மா," என்றிருக்கிறார். அவள் எனக்கு உடனே போன் செய்து அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அந்த வரியை அவள் அடித்தது சரிதான் என்றே இப்போதும் நினைக்கிறேன். அவர் இல்லாத வருடங்கள் இல்லாதவைதான். பின்னால் போட்ட கைப்பிடி முன்னால் விழுந்ததைத் தாங்காது, அது அவருக்கே நன்றாகத் தெரியும். ஆனால் 'இன்ஜினியர்' என்று போட்டால் போதும் என்று அவள் சொன்னதைத்தான் நான் அன்றைக்குத் தப்பாகக் கேட்டுவிட்டேன். அவள் வெட்டிச் சுருக்குகிறாள் என்று நினைத்தேன். டயல் கேஜை வாசித்தவள் அவள் என்பது மறந்துபோயிருந்தது.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பெயின்டர் பின்பக்கம் வேலை செய்ய வசதியாகக் கைப்பிடியைக் கழற்றிவிடலாம் என்று ஸ்பேனரோடு போனார். அரை மணி நேரம் கழித்து வேர்த்துப்போய் வந்தார். துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு போல்ட்டைக்கூட அசைக்க முடியவில்லை. "எதைத் தாங்கறதுக்குங்க இதை இப்படிப் போட்டு வச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

"46 கிலோ," என்றாள் தங்கை.